உலு தெனுனின் சர்ச்சைக்குரிய கோபுரம்

லங்கிட்ஜாலூர் பெர்ஹாட் என்ற கம்பெனியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் அந்தக் கம்பெனியை வாங்க வேண்டும். முழுசாக வாங்க வேண்டியதில்லை, நூறு பங்கு போதும். இந்த விவரம் ஜெலானிக்குத் தெரியவரவே இரண்டு மாதம் பிடித்தது.

ஜெலானி, பகாங் காட்டோரத்தில் உலு தெனுன் என்கிற கம்பத்தை, அதாவது கிராமத்தை, சேர்ந்தவர். முப்பத்திரண்டு வருஷம் ஆற்றுப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வுபெற்றவர். கம்பத்துக்கு மேலே குன்றின் உச்சியில் லங்கிட்ஜாலூரின் கோபுரம் ஒன்று நின்றது. கம்பியில்லாமல் இணையம் தருகிற கோபுரம். இளவட்டங்களுக்கு அது பந்தாட்டம் பார்க்க உதவியது. ஜெலானியின் மனைவி மெஸ்னாவுக்கு உயிரோடு இருக்க உதவியது.

மெஸ்னாவுக்கு இதயம் சரியில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் கம்பத்து கிளினிக்கில் மிஸ்ஸி ஹஸ்லிண்டா அவள் மார்பில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுப்பாள். மிஸ்ஸி என்றால் நர்ஸ். அந்தக் கிளினிக்கில் டாக்டர், கம்பவுண்டர், கூட்டுகிறவர் எல்லாமே அவள்தான். எடுத்த படம் கோபுரம் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே இதய டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டச் சொல்வார், குறைக்கச் சொல்வார். இரண்டு தடவை உடனே கூட்டிவரச் சொன்னார். மரலாரிகள் ஓடும் செம்மண் பாதையில் நாலு மணி நேரம் கொண்டுபோனார்கள். இரண்டு தடவையும் பிழைத்தாள்.

"என் படத்துக்காக ஒரு டாக்டர் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை காத்துக்கிட்டு இருக்காரு, அபாங்," என்பாள் கணவனிடம். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பகூட என் படத்துக்கு இவ்வளவு மவுசு இருந்ததில்ல."

ஒரு நாள் கிளினிக் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தொழில்நுட்ப மாற்றத்தை முன்னிட்டு இந்த வட்டாரத்தின் கோபுரம் வருஷக் கடைசியில் ஓய்வு பெறும் என்று போட்டு, இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். ஜெலானி கம்பெனிக்குப் போன் போட்டார். இனிமையான குரலில் ஒரு பெண் பேசினாள். இணைப்பு வேலை செய்யாவிட்டால்தான் புகார் எடுக்க முடியும், உங்கள் இணைப்பு நன்றாக வேலை செய்கிறதே என்றாள்.

"அப்ப அணைச்சதுக்கு அப்பறம் புகார் கொடுக்கலாமாம்மா?"

"அணைச்சதுக்கு அப்பறம் அங்க நம்ம சேவையே இல்லையே, பாக்சிக். சேவை இல்லாத இடத்திலேருந்து புகார் எடுக்கறதில்ல."

பாக்சிக், அதாவது மாமா, என்று மரியாதையாகத்தான் அழைத்தாள்; அவள் சொன்னதிலும் தப்புக் கண்டுபிடிக்க ஜெலானிக்குத் தெரியவில்லை. பஸ் ஏறிப் பட்டணத்துக் கிளை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த மேனேஜர் நல்ல மனுஷன். காப்பி வாங்கிக் கொடுத்து, இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம், கொள்கையைப் பற்றிக் கேட்கிற உரிமை பங்குதாரர்களுக்குத்தான் உண்டு, அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, பொதுக்கூட்டத்தில் என்று ரகசியம் போலச் சொன்னார். ஜெலானி எதிர்ச்சாரியில் இருந்த வங்கிக்குப் போய் நூறு பங்கு வாங்கினார். இரண்டு கோழி விலைதான் ஆயிற்று. படிவத்தில் தொழில் என்ற இடத்தில், படகுத்துறை டிக்கெட்காரர் என்று எழுதப் போனவரைத் தடுத்து, வங்கிப் பெண் 'முதலீட்டாளர்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"முதலாளி வந்தாச்சு," என்று மெஸ்னா அன்றைக்குப் பூராவும் சிரித்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

ஜூன் மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஓட்டலில் பொதுக்கூட்டம். முதல்நாளே வந்து மருமகன் வீட்டில் தங்கி, விடிந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஜெலானி போய்ச் சேர்ந்தபோது, அங்கே அறுநூறு பேர் வரிசையில் நின்றார்கள். கம்பெனி மேல் இவ்வளவு பேருக்கு அக்கறையா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. வரிசை சாப்பாட்டுப் பைக்கு நின்றது. கோழிச்சோறு, இரண்டு கறிபாப், தண்ணீர் பாட்டில், ஒரு பரிசுக் கூப்பன்.

அவருக்கு முன்னால் மேடம் இயோ என்கிற சீனத்து அம்மாள் நின்றாள். அறுபது வயதிருக்கும். வருஷத்தில் நாற்பது கம்பெனிகளின் பொதுக்கூட்டத்துக்குப் போகிறவள். வரமுடியாத பங்குதாரர்களுக்குப் பதிலாள் என்று கையெழுத்து வாங்கிய பாரங்கள் பதினொன்று வைத்திருந்தாள். பாரம் ஒன்றுக்குப் பை ஒன்று.

"பாக்சிக், நீங்க எத்தனை பாரம்?"

"நான் ஒருத்தன்தான், ஆன்ட்டி."

"அவ்வளவு தூரத்திலேருந்து ஒரு பொட்டலத்துக்கா வந்தீங்க?"

"கேள்வி கேக்க வந்தேன்."

மேடம் இயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கேள்வி கேட்டா சோறு ஆறிடும் லா," என்றாள். ஆனாலும் உள்ளே போனதும் பக்கத்து நாற்காலியில் அவருக்கு இடம் பிடித்து வைத்தாள்.

மண்டபத்தில் கல்யாணத்தில் பெண்வீடு மாப்பிள்ளை வீடு உட்கார்வது போல இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வலது பக்கம் வைமாக்ஸ் கட்சி, இடது பக்கம் எல்.டி.இ. கட்சி. இரண்டும் காற்றில் இணையத்தை அனுப்புகிற இரண்டு முறைகள். லங்கிட்ஜாலூர் வைமாக்ஸில் பணத்தைக் கொட்டிக் கோபுரங்களைக் கட்டியிருந்தது. இப்போது உலகம் எல்.டி.இ. பக்கம் போகிறது என்ற பேச்சு. எந்தப் பக்கம் போவது என்று நாலு வருஷமாகப் பொதுக்கூட்டத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். விவாதம் நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக முடிவு எதுவும் எடுக்கவில்லை. அந்த மண்டபத்துக்குள் கம்பெனியின் அலை வரவில்லை; இரண்டு கட்சியாரும் ஓட்டலின் இணையத்தில்தான் பங்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் தலைவர் டத்தோ ஷம்ரி எழுந்து வருஷ நிலவரத்தைச் சொன்னார். கம்பெனி இந்த வருஷமும் நஷ்டம்தான். ஆனால் போன வருஷ நஷ்டம் எதிர்பாராமல் வந்தது, இந்த வருஷ நஷ்டம் முன்கூட்டியே திட்டமிட்டு, திட்டமிட்ட அளவிலேயே வந்திருக்கிறது. நிர்வாகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம் என்றார். கைதட்டினார்கள்.

பிறகு விவாதம். வைமாக்ஸ் கட்சிக்கு மிஸ்டர் குணரத்தினம் தலைமை தாங்கினார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். போட்ட தண்டவாளத்தைப் பிடுங்குகிறவன் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை என்று முக்கால் மணி நேரம் பேசினார். எல்.டி.இ. கட்சிக்கு மிஸ்டர் ஃபூ. பல் டாக்டர். ஆடுகிற பல்லை ஆசைப்பட்டு வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்துப் பல்லும் போகும் என்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார். இருவரும் லண்டன், சியோல், டோக்கியோ என்று உலகத்தையே இழுத்தார்கள். ஜெலானி தம் ஊர் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வராததால் கையைத் தூக்கினார்.

மைக் அவரிடம் வந்தது. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த மரியாதை வார்த்தைகள் அத்தனையும் மறந்துபோயின.

"டத்தோ, எங்க கம்பத்துல உங்க கோபுரம் ஒண்ணு இருக்கு. அதை அணைக்கப் போறதா எழுதிப் போட்டிருக்கு. அணைக்காதீங்க. என் பொண்டாட்டியோட நெஞ்சுப் படம் அது வழியாத்தான் டாக்டருக்குப் போகுது."

குணரத்தினம் துள்ளி எழுந்து, உங்கள் கோபுரம் எந்த வகை என்று கேட்டார்.

"வெள்ளைக் கோபுரம், துவான்."

உலு தெனுனில் இருப்பது வைமாக்ஸ் கோபுரம்தான் என்று மேடையிலிருந்து செயலாளர் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். வலது பக்கத்தில் ஆரவாரம். காட்டுக்குள்ளே உயிரைக் காப்பாற்றுகிறது வைமாக்ஸ், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார் குணரத்தினம். ஃபூ விடவில்லை. ஒரு கோபுரம் அணைந்தால் ஒரு பெண் செத்துவிடுவாள் என்கிற நிலைமையில் ஒரு கம்பத்தை வைத்திருப்பதுதான் வைமாக்ஸின் லட்சணமா என்று அவர் கேட்டார். பிறகு ஒரு மணி நேரம் அதே பேச்சு. ஆள் ஆளுக்கு 'உலு தெனுன் உதாரணம்' என்று சொல்லிக்கொண்டார்கள். உதாரணம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கடைசியில் மேடம் இயோதான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

டத்தோ ஷம்ரி தீர்ப்புச் சொல்ல எழுந்தார்.

"இந்தக் கம்பெனி எதுக்கு இருக்குன்னு கேட்டா, இந்த மாதிரி மனுஷங்களுக்காகத்தான் இருக்கு. அதனால அவசரப்பட்டு நாம பதில் சொல்லிடக் கூடாது. இந்தக் கோபுரத்தைப் பத்தி சபையில ரெண்டு அபிப்பிராயம் வந்துடுச்சு. ரெண்டு அபிப்பிராயம் இருக்கற கோபுரத்தை ஓட விட்டா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். நடுநிலைமைதான் நமக்கு உசுரு. ஒரு குழு போடுவோம். குழு அறிக்கை கொடுக்கற வரைக்கும் அந்தக் கோபுரம் நடுநிலைமையில இருக்கட்டும்."

ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நேரமோ பன்னிரண்டரை, அறுநூறு கைகளும் உயர்ந்தன. தம் கோபுரத்துக்காகத்தான் இத்தனை பேரும் தூக்குகிறார்கள் என்று எண்ணிக் கண் கலங்கி, ஜெலானியும் தம் கையை நன்றாக உயர்த்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டத்தோ அவரை மேடைக்கு அழைத்து, கம்பெனியின் புது மோடம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை கோபுரத்தின் சிவப்பு விளக்கு எரியவில்லை. வருஷக் கடைசி வரை ஓடியிருக்க வேண்டிய கோபுரம். மிஸ்ஸி ஹஸ்லிண்டா பட்டணத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். சர்ச்சைக்குரிய கோபுரம் என்று கம்பெனிப் பட்டியலில் ஏறிவிட்டதாம். நாட்டிலேயே அந்தப் பட்டியலில் இருப்பது அது ஒன்றுதானாம். நடுநிலைமையில் இருப்பது என்றால் அணைந்திருப்பது என்று அப்போதுதான் ஜெலானிக்கு விளங்கியது.

அன்றைக்கு அவர் சோறு எடுக்கவில்லை. மெஸ்னா அவரருகே வந்து உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டபோது, கை தூக்கியதைச் சொல்லிவிட்டார்.

"நல்லா உசத்தித் தூக்கினீங்களா?"

"நல்லா உசத்தித்தான் தூக்கினேன், மெஸ்னா."

மெஸ்னா சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "எனக்காகத்தானே போனீங்க. நீங்க கேட்டீங்கல்ல, அது போதும், சாப்பிடுங்க," என்றாள். அவர் சாப்பிட்டார். அந்தக் குற்ற உணர்ச்சி மட்டும் இறங்கவில்லை, நாளுக்கு நாள் கனத்தது. எழுதாத கடிதம் இல்லை. கம்பெனியிலிருந்து எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, குழு அமைந்துகொண்டிருக்கிறது என்று.

செப்டம்பரில் குழு வந்தது. வைமாக்ஸ் கட்சியில் இருவர், எல்.டி.இ. கட்சியில் இருவர், எழுதிக்கொள்ளச் செயலாளராக ஒரு இளைஞன். இரண்டு வண்டி நிறையக் கருவிகள். குன்றின் மேலும் கிளினிக்கிலும் ஆற்றங்கரையிலும் முக்காலியை நட்டு அலையை அளந்தார்கள். கோபுரம் அணைந்திருந்ததால் எங்கே வைத்தாலும் முள் அசையவில்லை. மதியம் ஜெலானி வீட்டில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். மெஸ்னா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, பொரித்த மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, அணைந்த கோபுரத்தில் என்னப்பா அளக்கிறீர்கள் என்று செயலாளரைக் கேட்டாள்.

"அணைஞ்சிருந்தாத்தான் மக்சிக், ரெண்டு தொழில்நுட்பமும் சமமா இருக்கும். ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்தா அதுக்குச் சாதகமா முள்ளு ஆடும். அது நியாயமில்லையே."

"அதுவும் சரிதான்," என்றாள் மெஸ்னா. இன்னும் இரண்டு துண்டு கிழங்கு அவன் தட்டில் வைத்தாள்.

உலு தெனுனில் இரண்டு தொழில்நுட்பங்களும் சரிசமமாகச் செயல்படுகின்றன என்று இடைக்கால அறிக்கை வந்தது. மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

நவம்பர் மழை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மிஸ்ஸி ஹஸ்லிண்டா வழக்கம்போலப் படம் எடுத்தாள். கோபுரம் அணைந்த பிறகும் அவள் செவ்வாய்க்கிழமை தவறாமல் எடுத்துத் தேதி போட்டுக் கோத்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள். மாதம் ஒருமுறை யாராவது பட்டணம் போனால் கட்டாகக் கொடுத்தனுப்புவாள். அன்றைய படம் அவளுக்குப் பிடிக்கவில்லை. போன வாரத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் பிடிக்கவில்லை. நான் டாக்டர் இல்லையே பாக்சிக், எனக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று அழுகிற குரலில் சொல்லி, வேனைப் பிடித்துவரச் சொன்னாள். இரண்டரை மணி நேரம் போயிருந்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் மரலாரி ஒன்று சேற்றில் புதைந்து பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் ஆனமட்டும் தள்ளினார்கள். மெஸ்னா கணவனின் மடியில் தலை வைத்துக்கொண்டு அவர்கள் தள்ளுவதைப் பார்த்தபடியே இருந்தாள். லாரி நகர்ந்தபோது அவள் இல்லை.

பின்னால் படங்களைப் பார்த்த டாக்டர், போன செவ்வாய்க்கிழமையே தெரிகிறது என்றார்.

ஜனவரியில் கோபுரத்தின் விளக்கு மறுபடி எரிந்தது. குழுவில் இருவருக்கு இருவர் என்று சமமாக நின்று முடிவே வராமல் இருந்ததாம். வைமாக்ஸ் உறுப்பினர் ஒருவர் மகளின் பட்டமளிப்புக்கு மெல்போர்ன் போன வாரத்தில் வாக்கெடுத்து எல்.டி.இ. வென்றுவிட்டதாம். புதுக் கருவிகளை மாட்டி, வெள்ளைக் கோபுரத்துக்கு நீலச் சாயம் பூசினார்கள்.

மறு ஜூனில் பொதுக்கூட்டத்துக்கு வரச் சொல்லி ஜெலானிக்குத் தனியாகக் கடிதம் வந்தது. கம்பெனி செலவில் காரும் வந்தது. அவர் போகாமல் இருந்திருக்கலாம். போகவேண்டாம் என்றுதான் மருமகன் சொன்னான். ஆனால் ஏழு மாதமாக அவருக்குள்ளே ஒரு பேச்சு அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய இடம் அந்த மண்டபம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

டத்தோ ஷம்ரி அவரை மேடைக்கே அழைத்தார். போன வருஷம் இந்தச் சபை ஒரு எளிய மனிதரின் குரலைக் கேட்டது, கேட்டதோடு நிற்காமல் ஆராய்ந்தது, ஆராய்ந்ததோடு நிற்காமல் கோபுரத்தையே மாற்றியது என்றார். கைதட்டல் அடங்கியதும் ஃபூ எழுந்தார். இப்போது படம் போய்ச்சேர எத்தனை விநாடி ஆகிறது என்று சபைக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

"மிஸ்ஸி நாலு விநாடிங்கறா, துவான்."

இடது பக்கம் எழுந்து நின்று தட்டியது. குணரத்தினம் எழுந்து, பழைய கோபுரத்தில் எத்தனை என்றார்.

"பதினொண்ணு."

"வெறும் ஏழு விநாடி," என்று குணரத்தினம் சபையைப் பார்த்துத் திரும்பினார். "ஏழு விநாடிக்காகவா இவ்வளவு செலவு? ஏழு விநாடியில யாருக்கு என்ன ஆயிடப் போகுது?"

ஜெலானி மைக்கை விடவில்லை.

"நடுவுல ஏழு மாசம் படமே போகலை, துவான். அஞ்சாவது மாசம் என் பொண்டாட்டி செத்துட்டா. அணைக்கறதுக்கு நீங்க எல்லாரும் கை தூக்கினீங்க. நானும் தூக்கினேன். எதுக்குத் தூக்கறோம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

டத்தோ ஷம்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டு, இது மிக முக்கியமான தகவல் என்றார். இதை எந்தத் தொழில்நுட்பத்தின் கணக்கில் சேர்ப்பது என்று செயலாளர் குனிந்து அவர் காதில் கேட்டது மைக்கில் விழுந்து எல்லாருக்கும் கேட்டது.

குணரத்தினம் எழுந்தார். அந்த ஏழு மாதமும் வைமாக்ஸ் ஓடவில்லை. ஓடாத ஒன்றின் மேல் பழி போட முடியாது என்றார். ஃபூ எழுந்தார். அந்த ஏழு மாதத்தில் எல்.டி.இ. வந்திருக்கவே இல்லை, வராத ஒன்றின் மேலும் போட முடியாது என்றார். அவர் சொல்வது நியாயம் என்றார் குணரத்தினம். இவர் சொல்வதும் நியாயம் என்றார் ஃபூ. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. டத்தோவுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. இந்த ஒற்றுமைதான் இந்த வருஷத்தின் பெரிய சாதனை என்று தழுதழுத்த குரலில் அறிவித்தார். இருவரும் நடுப்பாதைக்கு வந்து கைகுலுக்க, மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது.

ஜெலானி மேடையிலிருந்து தானாகவே இறங்கி வந்தார். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் காலடியில் சாப்பாட்டுப் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் இயோ பக்கத்து நாற்காலியிலிருந்த பைகளைக் கீழே இறக்கி அவருக்கு இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். கைதட்டுகிற சத்தத்தில் தன் குரல் கேட்காது என்று அவர் காதருகே குனிந்தாள்.

"அவங்க பேரு என்ன, பாக்சிக்?"

இரண்டு வருஷக் கூட்டத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

"மெஸ்னா."

"மெஸ்னா," என்று அவளும் ஒரு தடவை சொன்னாள். அப்போதுதான் ஜெலானி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுற்றிலும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.